ஹில்குரோவை ஆறடிப் பலகையில் அடக்குவது: மாடல் ரயில் காட்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயிலை வீட்டில் மாடலாகச் செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். "அதுக்கு ஒரு கல்யாண மண்டபமே வேணும்" என்பார் ஒருவர். "பொம்மை ரயில் செட் ஒண்ணு வாங்கி நீல பெயின்ட் அடிச்சா ஆச்சு" என்பார் இன்னொருவர். முதல் ஆள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சுருக்கப் பார்க்கிறார். இரண்டாமவர் எதையுமே அளக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முறை இருக்கிறது. மாடல் செய்பவர்கள் அதைத் தேர்ந்து சுருக்குதல் என்பார்கள்: எதைச் சுருக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்துச் சுருக்குவது. அந்தப் பாதையிலுள்ள ஹில்குரோவ் என்ற சிறிய நிலையத்தை எடுத்துக்கொண்டு அதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

கொலுப் பூங்காவுக்கும் ரயில் காட்சிக்கும் என்ன வேறுபாடு?

நவராத்திரியில் கொலுப்படிக்குக் கீழே பூங்கா போடுவார்கள். முளைவிட்ட கேழ்வரகு வயலாகும், கண்ணாடித் துண்டு குளமாகும், மண்மேடு மலையாகும். அங்கே வாத்து பஸ்ஸைவிடப் பெரிதாக இருக்கும். செட்டியார் பொம்மையைப் பக்கத்தில் வைத்தால் கோபுரம் அவர் தோளுக்குக்கூட வராது. யாரும் குறை சொல்வதில்லை. இது குளம், இது கோயில் என்று புரிந்தால் அங்கே வேலை முடிந்தது.

ரயில் காட்சிக்கு அது போதாது. பார்க்கிறவர் பெயர்ப்பலகையைப் படிக்காமலே "இது நம்ம ஹில்குரோவ் இல்ல?" என்று கேட்க வேண்டும். ஓர் இடத்தை நாம் அடையாளம் காண்பது அதிலுள்ள பொருள்களால் மட்டுமல்ல. ஆளுக்குப் பக்கத்தில் பெட்டி எவ்வளவு உயரம், பெட்டிக்குப் பக்கத்தில் மரம் எவ்வளவு உயரம் என்ற உறவுகளும் சேர்ந்துதான் அந்த அடையாளம். அந்த உறவு குலைந்த இடத்தில் காட்சி கொலுவாகிவிடும்.

ஸ்கேல் வேறு, கேஜ் வேறு

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. உண்மைப் பொருளை எத்தனை மடங்கு சிறிதாக்குகிறோம் என்பது ஸ்கேல். 1:87 என்றால் 87 மீட்டர் 1 மீட்டராகும். இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரம் கேஜ்.

கடையில் அதிகம் கிடைப்பது ஹெச்ஓ எனப்படும் 1:87 மாடல். அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர் வருகிறது. அது ஐரோப்பா, அமெரிக்காவில் ஓடும் ரயிலின் கேஜ். நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர், நீலகிரி மலை ரயிலோ 1000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ். ஹெச்ஓ செட்டுக்கு நீலம் அடித்தாலும் அது ஊட்டி ரயில் போலத் தோன்றாததற்கு இதுதான் காரணம். பெட்டிக்கு அடியில் பாதை ஒன்றரை மடங்கு அகலமாகக் கிடக்கிறது. மலை ரயிலைப் பார்த்தவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும், என்ன தவறு என்று அவரால் சொல்ல முடியாமல் போனாலும்.

மீட்டர்கேஜுக்கு மூன்று வழிகள் உண்டு. 1:87 ஸ்கேலில் 12 மில்லிமீட்டர் பாதை போட்டால் உண்மையில் 1044 மில்லிமீட்டருக்குச் சமம். சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் ரயில்களுக்காக விற்கும் தண்டவாளம் அது. அளவு சரியாக இருக்கும், ஆனால் விலை கடிக்கும். 1:120-இல் 9 மில்லிமீட்டர் பாதை 1080-க்குச் சமம். இடம் மிச்சமாகும், கைவேலை நுணுக்கமாகும். மூன்றாவது, 1:64-இல் அதே சாதாரண 16.5 மில்லிமீட்டர் பாதை. 16.5-ஐ 64-ஆல் பெருக்கினால் 1056.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த மூன்றாவது வழிதான் நல்லது என்பது என் கருத்து. எளிதாகக் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமும் ஒரு சிறிய ஷன்டிங் இன்ஜினின் (நிலையத்துக்குள் பெட்டிகளை நகர்த்தும் இன்ஜின்) அடிப்பகுதியும் போதும். மேல்பகுதியை மட்டும் 1:64-இல் நாமே கட்டிக்கொள்ளலாம். பொம்மைக் கடையில் தொங்கும் கையடக்கக் கார், ஜீப்புகளில் பல ஏறத்தாழ இந்த ஸ்கேலில்தான் இருக்கின்றன என்பது கூடுதல் வசதி. ஒரே திருத்தம் தண்டவாளக் கட்டைகளில். அவை மிக நெருக்கமாக இருக்கும். அடியிலுள்ள பிளாஸ்டிக் இணைப்பைப் பிளேடால் வெட்டி, கட்டைக்குக் கட்டை 10 மில்லிமீட்டர் வருமாறு நகர்த்தி ஒட்டினால் பாதை மீட்டர்கேஜாகத் தெரியும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஸ்கேல் சுருக்கத்தைச் சொல்கிறது, கேஜ் இடைவெளியைச் சொல்கிறது. முதலில் கேஜைப் பாருங்கள், பிறகு ஸ்கேலைத் தேர்ந்தெடுங்கள்.

எதைச் சுருக்குவது, எதைத் தொடக்கூடாது

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை பாதையின் நீளம் 45.88 கிலோமீட்டர். 1:64-இல் அது 717 மீட்டர். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்யாண மண்டபம் கேட்டவர் ஒருவகையில் சரியாகத்தான் சொன்னார், மண்டபமும் போதாது. அதனால் முதலில் முழுப்பாதையை மறந்துவிட்டு ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹில்குரோவ் அதற்கு நல்ல இடம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில், காட்டுக்குள் இருக்கும் சிறிய நிலையம். இன்ஜின் தண்ணீர் பிடிக்க ரயில் அங்கே நிற்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள், குரங்குகள் கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நிறுத்தம் பலருக்கு நினைவிருக்கும்.

இனி கணக்கு. பிளாட்பாரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1:64-இல் 156 சென்டிமீட்டர். பெட்டி 12 மீட்டர், இன்ஜின் 10 மீட்டர் என்று கொண்டால் ஒரு பெட்டி 19 சென்டிமீட்டர், இன்ஜின் 16. நான்கு பெட்டியுடன் ரயில் மட்டும் 92 சென்டிமீட்டர். இதில் ஒரு பெட்டியைக் கழற்றிவிடுங்கள், ரயில் 73-க்கு வரும். பிளாட்பாரத்தை 85-ஆக வெட்டுங்கள். பாதி நீளம் போய்விட்டது, ஆனாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. கண்ணிடம் அளவுநாடா இல்லை. அது பக்கத்திலுள்ள பொருளோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. பிளாட்பாரம் ரயிலைவிடச் சற்று நீளம் என்ற உறவு நிற்கும் வரை பிளாட்பாரம் சரியாக இருப்பதாகவே மூளை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் கதவு, படி, ஜன்னல், பெஞ்ச், ஆள், பெட்டியின் உயரம், தண்டவாளம் ஆகியவற்றில் கைவைக்கக் கூடாது. மனித உடலும் ரயில் சக்கரமும் தொடுகிற எதுவும் ஸ்கேலில் அப்படியே இருக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் ஆள் 2.6 சென்டிமீட்டர். அவர் நுழைகிற கதவு 2.5 சென்டிமீட்டர் என்றால் நிலையம் அந்த நொடியே பொம்மை வீடாகிவிடும். பொருள்களுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடம்தான் சுருங்க வேண்டியது. நிலையத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே சும்மா கிடக்கும் இருபது மீட்டரை ஐந்தாக்கலாம். தொட்டியின் உயரத்தைத் தொடாதீர்கள்.

மலைக்கு வேறு வழி. 300 மீட்டர் சரிவு 1:64-இல் 4.7 மீட்டர் உயரம் கேட்கும், கூரை இடிக்கும். பாதைக்குப் பின்னால் 40 சென்டிமீட்டர் வரை உண்மையான சரிவைக் கட்டி, அதற்கு மேல் பின்திரையில் வரைந்துவிட வேண்டும். தொலைவிலுள்ள மலைவரிசை வெளிறி நீலம் பாரித்துத் தெரியும். அருகிலுள்ளது கரும்பச்சையாக இருக்கும். மூன்று வரிசை போதும். மேட் பெயின்ட் அடியுங்கள். பளபளப்பு வந்தால் விளக்கொளி மலைமேல் வட்டமாக விழுந்து குட்டை உடைத்துவிடும்.

எங்கே நின்று பார்த்தீர்கள்?

நினைவு எப்போதும் ஓர் இடத்திலிருந்து பார்த்ததாகத்தான் இருக்கும். பிளாட்பாரத்தில் நின்ற சிறுவனின் கண், வளைவில் பெட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிய தலை, கீழே ரோட்டிலிருந்து பாலத்தை அண்ணாந்து பார்த்த பார்வை. மாடலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தால் அது ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பது போல இருக்கும். அப்படி யாருக்கும் நினைவிருக்காது. பலகையைத் தரையிலிருந்து 120 முதல் 130 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கும்போது கண் கூரைகளுக்குச் சற்று மேலே வரும். மேலே ஒரு மறைப்புப் பலகை, பக்கங்களில் இரண்டு. நாடக மேடைபோல முன்பக்கம் மட்டும் திறப்பு. வெட்டியதெல்லாம் அந்த மறைப்புக்குள் போய்விடும்.

இதிலேயே வளைவுச் சிக்கலும் தீரும். உண்மையில் 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு 1:64-இல் 156 சென்டிமீட்டர் ஆரம் கேட்கும். நம்மிடம் 45-தான் இருக்கும். அந்த வளைவை உள்பக்கத்திலிருந்து பார்க்கும்படி வையுங்கள், கண்ணுக்குத் தளர்வாகத் தெரியும். வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் பெட்டிகளின் மூலைகள் விரிந்து, இறுக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

1:12 ஏற்றமும் பல் தண்டவாளமும்

கல்லாறு தாண்டியதும் பாதை அதிகபட்சம் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்பு அதற்குப் போதாது. அதனால்தான் பாதையின் நடுவில் பல் வெட்டிய இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. இதை ராக் என்பார்கள். இங்கே இருப்பது ஆப்ட் முறை: ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். இன்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள்; சாதாரணச் சக்கரங்களுக்கு இரண்டு, பற்சக்கரங்களுக்கு இரண்டு. பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும் அந்தச் சிலிண்டர்கள்தான் இன்ஜினின் முகவரி. எட்டு இயக்குசக்கரம் வேண்டிய இடத்தில் உங்கள் மாடலில் ஆறுதான் இருந்தாலும் மன்னித்துவிடலாம். சிலிண்டரை விட்டால் அது வேறு இன்ஜின்.

மாடலில் இதே ஏற்றம் வைத்தால் என்ன ஆகும்? 250 கிராம் இன்ஜின், 100 கிராம் வீதம் மூன்று பெட்டி. மொத்தம் 550 கிராம். 1:12 சரிவில் அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 46 கிராம், ரயிலைப் பின்னுக்கு இழுக்கும். இன்ஜினின் பிடிப்பு அதன் எடையில் நான்கில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்தாலும் 62 கிராம். மீதமுள்ள 16 கிராமை ஒரு வளைவும் கொஞ்சம் தூசியும் தின்றுவிடும். சக்கரம் சுழலும், ரயில் நகராது. 1:25 என்றால் பின்னிழுப்பு 22 கிராம்தான், நிம்மதியாக ஏறும்.

ஆகவே 1:25 வைத்துவிட்டு 1:12 போலக் காட்ட வேண்டும். சரிவு தெரிய வேண்டுமானால் பக்கத்தில் மட்டமான ஒன்று இருக்க வேண்டும். தடுப்புச்சுவரின் கல்வரிசைகளைக் கிடைமட்டமாக வரையுங்கள். பாதை அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறும். நிலையத்தின் அடித்தளத்தையும் தொட்டியையும் மட்டமாக வையுங்கள். ஏற்றம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும்.

ராக்கை வெறும் அலங்காரமாக வைத்தால் போதும். உண்மையில் பல்லுக்குப் பல் 120 மில்லிமீட்டர், 1:64-இல் 1.9. மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 0.5 என்று விற்கும் பிளாஸ்டிக் பற்சட்டத்தில் 1.57 வரும். ஒரு கை தூரத்தில் யாருக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டு மெல்லிய சட்டங்களை அரைப்பல் விலக்கி, முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியில் பாதையின் நடுவே ஒட்டுங்கள். உண்மையில் ராக் தண்டவாளத்துக்கு மேலே 65 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், மாடலில் 1 மில்லிமீட்டர். அதற்குமேல் போனால் இன்ஜினின் கியர் பெட்டியும் பெட்டிகளின் கொக்கியும் உரசும். ஒட்டும் முன்பு இன்ஜினை ஒருமுறை கையால் உருட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது: ராக் பகுதியில் ஏறும்போது இன்ஜின் முன்னால் இருக்காது. கீழ்ப்பக்கத்தில் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். புகை ரயிலின் வாலில் எழும். முதல் பெட்டியின் திறந்த மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்மேனைப் பொம்மையாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் தள்ளும் ரயில் மாடலில் தடம் புரள்வது சுலபம். சன்போர்டு என்னும் லேசான நுரை அட்டையில் செய்த பெட்டி முப்பது கிராம்தான் இருக்கும். வளைவில் பின்னாலிருந்து தள்ளினால் முன்பெட்டி தூக்கிக்கொள்ளும். தரைத்தட்டில் இரும்பு வாஷர்களை ஒட்டி 100 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். எடையைக் கூரைப்பக்கம் வைத்தால் கவிழும். மட்டமான பாதை சரிவாக மாறும் இடத்தையும் 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு மெதுவாக வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொக்கி கழன்றுகொள்ளும்.

ராக்கைக் கண்ணுக்காக வைக்கிறோம், ஏற்றத்தைச் சுவரின் உதவியால் காட்டுகிறோம், எடையைத் தரையில் வைக்கிறோம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ரயில் ஓடும்.

எந்த உயரத்துச் செடி?

மலைப்பாதையில் நினைவு அதிகம் ஏமாற்றுவது பச்சையில்தான். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், உதகமண்டலம் ஏறத்தாழ 2200. கல்லாறில் பாக்குத் தோப்பு, அடர்லி–ஹில்குரோவ் பக்கம் அடர்ந்த காடும் பாறையும். ரன்னிமேடு, காட்டேரி வந்தால்தான் தேயிலை கண்ணில் நிறைகிறது. அதற்கும் மேலே கற்பூர மரம், கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்குப் படிநிலங்கள். "நீலகிரி என்றால் தேயிலை" என்று ஹில்குரோவ் பிளாட்பாரத்துக்குப் பின்னால் தேயிலை வரிசை போட்டுவிட்டால் ஊர்க்காரர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

காலமும் இப்படித்தான். நிலக்கரிப் புகையா, எண்ணெயில் எரியும் இன்ஜினா, குன்னூருக்கு மேலே டீசலா, 2005-க்குப் பிறகு வந்த யுனெஸ்கோ பலகையா என்பதில் ஓர் ஆண்டை முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிந்தியது எதையும் உள்ளே விடாதீர்கள். வீட்டு ஆல்பத்தில் யாரோ போஸ் கொடுக்கும் படத்தின் பின்னணியைப் பாருங்கள். முன்னால் நிற்கும் சித்தப்பாவைவிட அவர் தோளுக்குப் பின்னால் தெரியும் தண்ணீர்க் குழாய்க்கு இங்கே மதிப்பு அதிகம்.

குரங்குகளைக் கையால் செய்யலாம். நாட்டுக் குரங்கின் உடல் அரை மீட்டர். 1:64-இல் 8 மில்லிமீட்டர். மெல்லிய செம்புக்கம்பியை வால் நீளம் விட்டு மடித்து, அரிசி அளவு எம்-சீல் உடலுக்கு, கடுகு அளவு தலைக்கு. ஐந்தாறு போதும்: கூரை விளிம்பில் இரண்டு, பெட்டி ஜன்னலருகே ஒன்று. இருபது வைத்தால் சரணாலயம்.

வேகம்

ராக் பகுதியில் ரயிலின் வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். 1:64-இல் அது நொடிக்கு 5.6 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் காட்சியைக் கடக்க 21 நொடி ஆக வேண்டும். பொம்மை ரயில் மூன்றே நொடியில் பாய்ந்துவிடும். எவ்வளவு நுணுக்கமாகக் கட்டியிருந்தாலும் அந்தப் பாய்ச்சலில் எல்லாம் போய்விடும். சாதாரண ரெகுலேட்டரில் வோல்டேஜைக் குறைத்தால் மோட்டார் திக்கித் திக்கி நின்றுவிடும். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் முழு 12 வோல்ட்டையும் துடிப்பு துடிப்பாக அனுப்புவதால் மெதுவாகவும் சீராகவும் ஓடும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, 21 நொடி வரும் இடத்தில் கன்ட்ரோலர் குமிழில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பலகையும் ஈரமும்

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 100-க்கு 45 சென்டிமீட்டர் அளவில் இரண்டு துண்டு. இரண்டையும் நீளவாக்கில் சேர்த்தால் 120 சென்டிமீட்டர் காட்சிக்கு, 80 சென்டிமீட்டர் ரயில் ஒளிந்துகொள்ளும் மறைவிடத்துக்கு. 73 சென்டிமீட்டர் ரயில் அதில் முழுதாக அடங்கும். எதையும் ஒட்டுவதற்கு முன்னால் நிலையம், தொட்டி, ரயில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் வெட்டி நிறுத்தி, கண் மட்டத்தில் போனை வைத்துப் படம் எடுங்கள். உங்களோடு அந்த ரயிலில் போனவரிடம் படத்தை மட்டும் காட்டி எந்த இடம் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அட்டையை நகர்த்துவது சுலபம், பிளாஸ்டரை உடைப்பது கஷ்டம்.

சரிவைத் தெர்மோகோலில் அடுக்கி, ஃபெவிகாலில் நனைத்த துணியைப் போர்த்தி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டர் பூசுங்கள். தெர்மோகோலில் கரைப்பான் கலந்த பசையோ ஸ்பிரே பெயின்ட்டோ பட்டால் அது உருகிக் குழியாகிவிடும். காட்டுத் தரைக்கு, டீ போட்டு வடிகட்டிய தேயிலைத்தூளைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஆனால் நன்றாகக் கழுவி வெயிலில் முறுகக் காயவைத்து, அடுப்பில் லேசாக வறுத்த பிறகே தூவ வேண்டும். ஊட்டி, குன்னூர் வீடுகளில் மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த தூள் சில வாரங்களில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும்.

பிளைவுட்டின் ஆறு பக்கமும் பெயின்ட் வேண்டும், விளிம்புகளுக்கு இரண்டு கோட். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். தண்டவாளம் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, மலை ஈரத்தில் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகத்தில் காந்தம் ஒட்டாது. அதிலும் மாதம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும், ரயில் பிளாட்பாரத்தின் நடுவிலேயே நின்றுவிடும்.